பார்வையாளர் கையொப்பம்

புதுவயலில் மே மாத வெயில்
ஆலைத் தவிடு போல மூக்கு வரை ஏறும்.
எங்கள் மெட்ரிக் பள்ளியின் கூட்ட அறையில்
முப்பத்தொரு பெயர்,
எட்டு இடம்,
ஒரு பிஸ்கட் டப்பா.

டப்பா என்னுடையது. ரசீதுகள் போட்டு வைத்திருந்தேன்.
கணக்குப் பிரிவில் ஒன்பது வருஷமாய் இருக்கிறேன்.
ஏழைப் பிள்ளைகளுக்காக அரசு தர வேண்டிய கட்டணத்தை
'வர வேண்டியது' என்று எழுதி எழுதிப்
பேரேட்டில் அந்தப் பக்கம் மட்டும் அழுக்கேறிவிட்டது.
இரண்டு வருஷப் பாக்கி.
"அரசாங்கம் குடுக்கட்டும், ஒங்களுக்கும் குடுத்துடுறேன்"
என்பார் தாளாளர், சம்பள நாளில்.
பொய் சொல்கிறவர் இல்லை. அதுதான் சிக்கல்.

பார்வையாளராகத் துறை அனுப்பியிருந்தது
எமரன்சியா டீச்சரை.
தெருமுனை ஒன்றியப் பள்ளித் தலைமையாசிரியை.
அவர் பதிவேட்டில் பதினேழு பேர்.
டப்பாவுக்குள் மடிந்து கிடந்த அத்தனை வீட்டுக்கும்
சித்திரை முழுக்க நடந்தவர்,
ஒரு கையில் சேர்க்கை நோட்டீஸ், ஒரு கையில் குடை.
உட்காரவைத்துக் குளிர்பானம் கொடுத்தோம்.
குடிக்காமல் மூடியைத்
திருகினார், திறந்தார், திருகினார்.

சேவுகன் வந்திருந்தார், ஆலையில் மூட்டை தூக்குபவர்.
வருமானச் சான்றுக்கு மூன்று நாள் கூலியை விட்டவர்.
தார்ச்சாலையில் வந்தால் ஒரு கிலோமீட்டர் தாண்டிவிடும் என்று
கண்மாய்க்கரை வழியைக் கைப்பேசியில் விரித்து
எனக்கே காட்டித்தந்தவர்.
"தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் நானுந்தான் வரி கட்றேன்.
அந்தக் காசு எம் மக மேல செலவானா தப்பா?"
தப்பென்று யாரும் சொல்லவில்லை.
டீச்சர் கேட்டார்:
"அதே காசு எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்தா
ஒங்க மக மேல செலவாகாதா?"
"வந்துச்சா டீச்சர்?"
கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.

தாளாளர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.
"இந்தச் சீமையில கோயில் கட்டுனது, ஊருணி வெட்டுனது எல்லாம்
புள்ளிக்கு இவ்வளவுன்னு வரி வச்சுத்தான்.
நாங்களும் பிள்ளைக்கு இவ்வளவுன்னுதானே கேக்குறோம்?"
"அந்த ஊருணியில எங்க ஆளுக எறங்குனதில்லைங்கய்யா"
என்றார் சேவுகன், சத்தம் உயர்த்தாமல்,
சான்றிதழைக் குழலாய்ச் சுருட்டியபடி.
ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஜூன் மாதச் சம்பளம்
பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

வாட்ச்மேன் பேரன் டப்பாவுக்குள் கைவிட்டான்.
பெயர் வாசிக்க வாசிக்க
எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டுப் பின்னால் போனது.
ஏழாவது சீட்டு இரண்டாய் ஒட்டி வந்தது.
பையன் எங்களைப் பார்த்தான். நாங்கள் டீச்சரைப் பார்த்தோம்.
ஒன்றை உள்ளே திரும்பப் போட்டான்.
போனது யாரென்று
அந்த அறையில் எவருக்கும் தெரியாது.

மிதுலா சேவுகன், எட்டிலும் இல்லை.
வாசலில் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு
வேப்பமரம் வரை போய்விட்டுத் திரும்பி வந்து
மாற்றிக்கொண்டு போனார் அவர்.

'குலுக்கல் முறையாக நடைபெற்றது.'
அச்சிட்ட வரிக்குக் கீழே கையெழுத்து வேண்டும்.
'முறையாக' என்ற இடத்தில் டீச்சரின் விரல்
சற்று நேரம் கிடந்தது.
போட்டார்.
போட்டுவிட்டு, மிச்சச் சீட்டுகளைக் கேட்டார்.
கோப்பில் வைக்கணும் டீச்சர், என்றேன்.
"வச்சுக்கங்க. பாத்துட்டுத் தர்றேன்."

இருபத்துமூன்றையும் பிரித்து
பெயர், தெரு, கதவு எண் எல்லாம்
நாற்பது பக்க நோட்டில் எழுதத் தொடங்கினார்.
முத்துப்பட்டினம் தெருவில் பாதியில்
பேனா மை தீர்ந்தது.
உதறினார். உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார்.

என் பேனாவை நீட்டினேன்.
எங்கள் பள்ளியின் பெயர்
பொன்னெழுத்தில் அச்சிட்டது.
போகும்போது அதைத் தன் பையில் போட்டுக்கொண்டார்,
மறந்துதானோ என்னவோ.
நான் கேட்கவில்லை.